பக்கம் யாருக்காகக் காத்திருக்கிறது?

இணையத்தில் ஒரு பக்கம் திறக்க நேரமானால் நாம் முதலில் திட்டுவது லைனை. அடுத்து கைபேசியை. அதன் பிறகு, பக்கத்தில் பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால், அவர்கள் நம் விரலைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் இவை மூன்றுமே நிரபராதிகள். நாம் கேட்ட பக்கம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். திரையில் காட்டப்படாமல், வேறு யாரோ ஒருவரின் பதிலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அந்த யாரோ ஒருவரை நமக்குத் தெரியாது. நாம் அவரைக் கூப்பிடவும் இல்லை.

இது எப்படி வந்தது, இதை மாற்ற யார் என்ன செய்தார்கள் என்பது சுமார் முப்பது ஆண்டுக் கதை. பெங்களூரில் இந்த வேலையே செய்கிற என் தங்கை மகன் சொல்லச் சொல்லக் கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. கணினி அறிவு எனக்கு அதிகமில்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபட்டுவிடும். ஒரு கோப்பு தயாராக இருக்கும். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குள் இன்னொரு துறையின் கருத்துரை வேண்டும் என்று அனுப்பி வைப்பார்கள். அங்கே அது படுத்துக்கொள்ளும். மனுதாரர் வந்து நம்மைத்தான் திட்டுவார்.

பிரான்சு, சுவிட்சர்லாந்து எல்லையில், ஜெனீவாவை ஒட்டியிருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989 மார்ச்சில் எழுதிக் கொடுத்த ஒரு குறிப்பில்தான் இன்றைய வலை தொடங்குகிறது. அவரோடு சேர்ந்து உழைத்தவர் பெல்ஜியத்துக்காரரான ரொபேர் கையோ. அவர்கள் காலத்துப் பக்கம் வெறும் எழுத்து. ஒரு சர்வரைக் கேட்போம், அது ஒரு தாளைத் தரும், படிப்போம். மூன்றாவது ஆள் என்ற பேச்சே இல்லை.

அந்தக் காலத்தில் பிரான்சில் மினித்தெல் இருந்தது. நம் புதுவையில் பிரான்சில் உறவுக்காரர் இல்லாத வீடு குறைவு என்பதால் பலர் அந்தப் பழுப்பு நிறப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நான் 1988-இல் பாரிஸ் புறநகரில் அண்ணன் வீட்டில் பார்த்தேன். விநாடிக்கு 1200 பிட், அதாவது சுமார் 120 எழுத்து வேகம். ஒரு திரை நிரம்ப எட்டு விநாடியாவது ஆகும். மெதுவானதுதான். ஆனால் வரி வரியாக, கண் முன்னால் எழுதிக்கொண்டே வரும். வந்த வரை படிக்கலாம். 2012 ஜூன் 30-இல் அதை மூடிவிட்டார்கள். மெதுவாக வருவது வேறு, வராமல் நிற்பது வேறு என்பதை எனக்குக் காட்டிய பெட்டி அது.

1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் என்ற பிரவுசர் வந்தது. எழுத்துக்கு நடுவே படம் வைக்கலாம் என்பது அதன் பெருமை. அந்தப் படம் எழுத்து இருக்கும் அதே சர்வரில் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைக்கலாம். வெளியார் உள்ளே நுழைந்த வாசல் இதுதான். மொசைக் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே பக்கத்தைக் காட்டும். ஒரு படம் தாமதித்தால் முழுப் பக்கமும் தாமதம். அடுத்த ஆண்டு வந்த நெட்ஸ்கேப், எழுத்தை முதலில் காட்டிவிட்டுப் படங்களைப் பிறகு அவற்றின் இடத்தில் பொருத்தியது. அதன் வெற்றிக்கு இது ஒரு பெரிய காரணம். ஆக, 'வராதவருக்காக வந்தவரை நிறுத்தாதே' என்ற பாடத்தை வலை 1994-லேயே ஒருமுறை படித்துவிட்டது. இரண்டே ஆண்டில் மறந்தும்விட்டது.

மறக்க வைத்தது ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. பக்கத்துக்குள் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஒரு மொழி. அதற்கு ஒரு வசதி கொடுத்திருந்தார்கள்: பக்கம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் குறுக்கே புகுந்து, 'இந்த இடத்தில் இதை எழுது' என்று சொல்லலாம். அதனால் பிரவுசருக்குச் சங்கடம். வழியில் ஒரு ஸ்கிரிப்டைக் கண்டால், அது என்ன எழுதப் போகிறதோ தெரியாதே! எனவே அடுத்த வரிக்குப் போகாமல் அங்கேயே நின்று, அதை வரவழைத்து, முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஸ்கிரிப்ட் அதே தாளில் இருந்தவரை இதில் கெடுதல் இல்லை. 1996-இல் ஸ்கிரிப்டையும் படத்தைப் போல வெளியிலிருந்து வரவழைக்கலாம் என்று ஆனது. அன்றோடு எந்தப் பக்கமும் எந்த வெளியாருக்காகவும் நடுவழியில் நிற்கக்கூடிய நிலைமை வந்துவிட்டது.

வெளியாருக்கும் பஞ்சமில்லை. 1994 அக்டோபர் 27-இல் ஹாட்வயர்ட் என்ற தளம் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தளங்களுக்குத் தங்கள் சர்வரிலிருந்தே விளம்பரம் வழங்கின. பத்திரிகைக்காரர் செய்தியை எழுதுவார், விளம்பரக்காரர் இடத்தை நிரப்புவார். விளம்பரக்காரரின் சர்வர் மூச்சுத் திணறினால், செய்தி வாசகனுக்குப் போகாது.

மருந்து உடனே கண்டுபிடிக்கப்பட்டது, அதுதான் வேடிக்கை. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நான்காம் பதிப்பில் 'டிஃபர்' என்று ஒரு சொல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பொது விதிகளிலும் அது சேர்ந்தது. 'இந்த ஸ்கிரிப்ட் பக்கத்தில் எதையும் எழுதாது' என்று தளக்காரர் தரும் உறுதிமொழி அது. பிரவுசர் அதை நம்பி, நிற்காமல் போகலாம். ஃபயர்பாக்ஸ் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது 2009-இல். பன்னிரண்டு ஆண்டு! அலுவலகத்தில் சுற்றறிக்கை மேசைக்கு வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று தெரிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

இடையில் ஒருவர் விடாமல் அளந்துகொண்டிருந்தார். யாகூ நிறுவனத்தின் ஸ்டீவ் சவுடர்ஸ். பக்கம் தாமதமானால் எல்லாரும் சர்வரைப் பெரிதாக்கு, இன்னொன்று வாங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் கணக்கெடுத்துப் பார்த்ததில், வாசகன் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு, முதல் தாள் சர்வரைவிட்டுக் கிளம்பிய பிறகு நடக்கும் காரியங்களால்தான் என்று தெரிந்தது. 2007-இல் பதினான்கு விதிகளோடு ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒன்று, ஸ்கிரிப்டுகளைப் பக்கத்தின் அடியில் வை என்பது. எளிய யோசனை. வாசகன் படிக்க வேண்டியதெல்லாம் முதலில் வந்துவிடும். கீழே நிற்கிறவர் எத்தனை நேரம் நின்றால் என்ன?

ஆனால் வெளியார் கீழே நிற்கச் சம்மதிப்பதில்லை. 2005 நவம்பரில் கூகுள், தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் அனலிட்டிக்ஸ் சேவையை இலவசமாக்கியது. கூட்டம் தாங்காமல் புதியவர்களைச் சேர்ப்பதையே சில காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. கடைக்கு வருகிறவர்களை எண்ண வாசலில் ஒருவரை நிறுத்தினால், அவர் கண்ணசந்த நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்ற கதையாக இது சில தளங்களில் ஆனது. 2009 டிசம்பரில் கூகுளே இதற்கு ஒரு நல்ல வழி சொன்னது. அலுவலகத் தபால் பதிவேடு தெரிந்தவர்களுக்கு அதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். அதிகாரி வரும்வரை யாரும் நிற்க வேண்டாம். வந்த செய்தியைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். அதிகாரி எப்போது வருகிறாரோ அப்போது பதிவேட்டைப் புரட்டி முடித்துக்கொள்வார். அதிகாரி வரவே இல்லையென்றால் எண்ணிக்கைதான் போகும், கடை நடக்கும். இதையொட்டி 'அசிங்க்' என்ற சொல்லையும் பிரவுசர்கள் ஏற்கத் தொடங்கின; 2010 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 3.6 அதை ஏற்றது. 'தனியாக வரவழை, அதற்காக நிற்காதே' என்று பொருள்.

நல்ல வேளையாக வந்தது. ஏனென்றால் அந்த ஏப்ரலில்தான் ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தான் மற்ற தளங்களுக்குப் பரவியது. ஆகஸ்டில் ட்விட்டர் பொத்தான். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் நாலைந்து பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை. அந்த ஜூன் மாதம் சவுடர்ஸ் (அப்போது கூகுளுக்கு மாறியிருந்தார்) எழுதிய ஒரு குறிப்பு இந்தத் துறையில் பிரபலம். ஒரே ஒரு வெளி ஸ்கிரிப்ட் பதில் சொல்லாமல் போனால் முழுத் தளமும் வெள்ளைத் திரையாக நிற்கும் என்பதைப் பிரவுசர் பிரவுசராகக் காட்டியிருந்தார்.

இங்கே ஒரு நுட்பம். வெளி சர்வர் 'இல்லை, முடியாது' என்று உடனே சொல்லிவிட்டால் தொல்லையே இல்லை. பிரவுசர் அதை விட்டுவிட்டுப் போய்விடும். கெடுதல் செய்வது மௌனம். விண்டோஸ் கணினி பதிலில்லாத வாசலைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கைவிட சுமார் 20 விநாடி எடுக்கும். கைபேசியில் 20 விநாடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அதனால் சோதனையும் மௌனத்தைக் கொண்டே செய்ய வேண்டும். பேட்ரிக் மீனன் என்பவர் வெப்பேஜ்டெஸ்ட் என்ற சோதனைக் கருவியைச் செய்தவர். எது கேட்டாலும் பதிலே சொல்லாத ஒரு சர்வரை இதற்கென்றே வைத்தார். கருந்துளை என்று பெயர். உங்கள் தளம் நம்பியிருக்கும் வெளியாரையெல்லாம் அந்தக் கருந்துளைக்குத் திருப்பிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்றார். விழா நடக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை முந்தின நாளே மெயினை அணைத்துப் பார்ப்பது மாதிரி.

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வரலாம். பிரான்சில் 1900 ஜூலை 17-இன் சட்டப்படி, மனுவுக்கு அரசு நான்கு மாதம் பதில் சொல்லாவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். கேட்க அநியாயம்போல இருக்கும். உண்மையில் அது மனுதாரருக்குச் செய்த உபகாரம். நிராகரிப்பு என்று ஒன்று இருந்தால்தானே நீதிமன்றம் போக முடியும்? அதற்கு முன் மௌனத்தின் எதிரில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். 2000-இல் நான்கு மாதம் இரண்டானது. 2013 நவம்பர் 12-இன் சட்டம் அதைத் தலைகீழாக்கி, இரண்டு மாத மௌனம் என்றால் சம்மதம் என்றது. விதிவிலக்குகள் ஏராளம் என்பது வேறு விஷயம். மௌனத்துக்கு நிராகரிப்பு என்று பொருளா, சம்மதம் என்று பொருளா என்பதில் நூறு ஆண்டில் மனம் மாறினார்கள். மௌனத்துக்கு ஒரு கெடு வேண்டும் என்பதில் மட்டும் மாறவில்லை. நம் அலுவலகங்களிலும் 'இத்தேதிக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும்' என்று ஒரு வரி சேர்ப்போமே, அதே சங்கதி.

கணினிக்காரர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், வேறு பாதையில். இதுவரை சொன்னது நம் பிரவுசர் காத்திருப்பது. சில நேரம் தளத்தின் சர்வரே, பக்கத்தைத் தயாரிக்க இன்னொரு சர்வரைக் கேட்டுக் காத்திருக்கும். இது இன்னும் மோசம். பத்துக் கவுண்டரிலும் பத்துக் குமாஸ்தாக்கள் ஒரே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த அலுவலகத்தோடு சம்பந்தமே இல்லாதவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதானே? மைக்கேல் நைகார்ட் 2007-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு விமான நிறுவனத்தின் கதையைப் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறார். சரியாக மூடப்படாத தொடர்புகள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பயணிகளுக்குச் சீட்டு வழங்கும் வேலையே நின்றுபோனது. அவர் சொன்ன வைத்தியம் நம் வீட்டு மீட்டர் பெட்டியில் இருப்பதுதான்: டிரிப் ஆகும் சுவிட்ச். வெளி சர்வர் தொடர்ந்து சில முறை பதில் தராவிட்டால் அதைக் கேட்பதையே நிறுத்திவிடு. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒருமுறை தட்டிப் பார். பதில் வந்தால் மறுபடி இணைத்துக்கொள். நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் இதற்கான தன் மென்பொருளை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நடந்தவற்றைப் பாருங்கள். 2013 பிப்ரவரி 7-இல் ஃபேஸ்புக்கில் ஏற்பட்ட ஒரு கோளாறால், அதன் இணைப்பை வைத்திருந்த சி.என்.என். உள்ளிட்ட பல தளங்களுக்குப் போனவர்கள் ஃபேஸ்புக்கின் பிழைச் செய்திப் பக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்டார்கள். 2014-இல் சீனா கூகுளை அடைத்தபோது, கூகுளோடு எந்த வியாபாரமும் இல்லாத தளங்கள்கூட அங்கே திக்கித் திணறின. காரணம், அழகுக்காக எழுத்துருவை கூகுளிலிருந்து வரவழைத்திருந்தார்கள். எழுத்துரு என்றதும் நம்மவர்களுக்கு யூனிகோடுக்கு முந்தைய காலம் ஞாபகம் வரும். ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அது வந்து இறங்காவிட்டால் தலைப்புச் செய்தி முழுக்கப் பூச்சி பறக்கும்.

2018 மே 25-இல் ஐரோப்பாவில் தனிமனிதத் தகவல் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தன. அமெரிக்காவின் யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் அபராதத்துக்குப் பயந்து, ஐரோப்பிய வாசகர்களுக்கு வெளியார் ஸ்கிரிப்டுகளையெல்லாம் கழற்றிவிட்ட ஒரு பதிப்பைக் கொடுத்தது. ஒருவர் இரண்டையும் அளந்து வெளியிட்டார். பக்கத்தின் கனம் 5.2 எம்.பி.யிலிருந்து அரை எம்.பி.யானது. திறக்கும் நேரம் 45 விநாடியிலிருந்து 3 விநாடியானது. செய்தியில் ஒரு வரி குறையவில்லை. வேகத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வாசகனின் நேரத்துக்கு அபராதம் கிடையாதே!

இதில் நம் போன்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு தளம் உண்டு. நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் படிவத்தை அதிலிருந்துதான் பலர் எடுப்பார்கள். 'திறக்கவே இல்லை சார்' என்று ஆண்டுதோறும் புகார். காரைக்காலிலிருந்து ஒரு உறுப்பினர், எழுபத்தெட்டு வயது, படிவத்துக்காகவே பஸ் ஏறி வந்துவிட்டார். தங்கை மகன் பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கருந்துளைச் சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னேன். வெளியார் பெயர்களையெல்லாம் திருப்பிவிட்டுத் தளத்தைத் திறந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 21 விநாடி வெள்ளைத் திரை. பிறகுதான் சங்கத்தின் பெயரே வந்தது.

"மாமா, மூணு பேர் வாசல்ல நிக்கிறாங்க" என்றான். தலையில் ஓடும் தங்கம் விலைப் பட்டை ஒன்று, வானிலைப் பெட்டி ஒன்று, வருகையாளர் எண்ணிக்கை காட்டும் இலவசக் கவுண்டர் ஒன்று. மூன்றும் படிவத்துக்கு மேலே இருந்தன. தங்கம் விலையை எடுத்துவிட்டோம். ஓய்வூதியத்தில் வாங்கப் போகிறவர் யாருமில்லை. மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னல் போதும் என்று வானிலையும் போனது. விரும்புகிறவர்கள் சொடுக்கிப் பார்க்க ஓர் இணைப்பு மட்டும் வைத்தான். கவுண்டரில்தான் தகராறு. ஆண்டுப் பொதுக்குழுவில் தலைவர் வாசிக்கும் எண் அது. எடுக்கவே கூடாது என்றார். அந்தக் கவுண்டரோ பழைய முறைப்படி பக்கத்தின் குறுக்கே புகுந்து எழுதுகிற ரகம். வெறும் 'அசிங்க்' சொல்லுக்குக் கட்டுப்படாது. கடைசியில் அதைப் பக்கத்தின் அடியில், தனியாக ஒரு சின்னச் சட்டத்துக்குள் பூட்டி வைத்தான். அது வந்தாலும் வராவிட்டாலும் மேலே இருப்பதைத் தொடாது.

அந்த நவம்பரில் காரைக்காலிலிருந்து யாரும் பஸ் ஏறவில்லை. தலைவர் மட்டும் தளத்தைத் திறந்ததும் நேராகக் கீழே இறங்கி, அந்த எண் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.